நோட்டு எழுதுவதும் முன்னால் நிற்பதும்



மலருக்கு ஒரு கட்டுரை வேணும், "நீங்கதான் பழைய ஆளு, குழு வளர்ந்த வரலாற்றை எழுதிக் குடுங்க"ன்னு கூட்டமைப்பில் கேட்டாங்க. எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. அதையே திரும்ப எழுத மனசு வரலை. எனக்குள்ளே ரொம்ப வருஷமாக ஒரு கேள்வி கிடக்கிறது. அதை வைத்து வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் பதினொரு வருஷம் எங்க குழுவுக்கு ஊக்குநராக இருந்தேன். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எதிலும் ஒரு வாரம் கூட விட்டுப்போனது கிடையாது. ஆனால் அந்தப் பதினொரு வருஷமும் நான் தலைவியாக இருந்தேனா என்று கேட்டால், சட்டென்று "ஆமாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. குழுவை நிர்வாகம் செய்வது ஒன்று. குழுவுக்குத் தலைமை ஏற்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கொண்டிருந்தவள் நான். இல்லை என்று எனக்குப் புரிந்தது 2011-ல். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

கம்பெனியில் பார்க்கிற வித்தியாசம்

நம்மில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது என்று நமக்குத் தெரியும். ஷிப்மென்ட் தேதி தவறினால் ஆர்டரே போய்விடும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ், எந்த மிஷினில் யாரு, நூல் தீர்ந்துச்சா, லேபிள் வந்துச்சா என்று சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருப்பார். அது நிர்வாகம். அதைக் குறைத்துப் பேச முடியாது. அது இல்லாவிட்டால் சனிக்கிழமை சம்பளமும் இல்லை.

அதே லைனில் ஒரு மூத்த டைலர் அக்கா இருப்பாங்க. புதுசாக ஊரிலிருந்து வந்த பிள்ளை ஓவர்லாக் மிஷின் முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்தால், தன் பீஸை ஓரமாக வைத்துவிட்டு அவளுக்குக் கை பிடித்துச் சொல்லிக் கொடுப்பாங்க. கழிப்பறைக்குப் போகக்கூட நேரம் விடாத அன்றைக்கு, முதலில் எழுந்து கேட்பதும் அவங்கதான். அந்த அக்காவுக்குப் பதவி கிடையாது. ஆனால் அவங்க எழுந்தால் லைனே எழுந்திருக்கும்.

பெரிய படிப்புப் படித்தவர்களும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆபிரகாம் சலேஸ்னிக் என்ற பேராசிரியர், மேலாளரும் தலைவரும் வேறு வேறு ஆட்களா என்று 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு 1990-ல் ஜான் காட்டர் என்பவர் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார். பெரிய வேலையைச் சிக்கல் இல்லாமல், ஒழுங்காக நடத்துவது நிர்வாகம். நிலைமை மாறும்போது எந்தப் பக்கம் போவது என்று காட்டி, ஆட்களைக் கூட வர வைப்பது தலைமை. ஒரு நிறுவனத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதுதான் அவர் கருத்து.

நம்ம ஊருக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. திருப்பூர்க் குமரனை எடுத்துக் கொள்ளுங்கள். 1932 ஜனவரி 10 அன்று நடந்த ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் பி.எஸ். சுந்தரம். குமரன் மில்லில் வேலை பார்த்த ஒரு இளைஞர். தடியடி விழுந்தபோது கொடியை விடாமல் பிடித்தவர் அவர். மறுநாள் உயிர் போனது. இன்றைக்கு அந்த ஊர்வலத்தை எல்லாரும் குமரன் பேரால்தான் நினைக்கிறோம். பதவியில் இருப்பவர்தான் முன்னால் நிற்பார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பெரிய சங்கம் உடைந்து சின்னக் குழு பிறந்த கதை

இந்தியாவில் நம்மைப் போன்ற குழுக்கள் தொடங்கிய கதையிலேயே இந்த இரண்டும் இருக்கிறது.

கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை வைத்து வேலை செய்து வந்தது. 1984, 85 வாக்கில் அந்தச் சங்கங்கள் பல உடைந்தன. தலைவர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை போனது ஒரு காரணம். நிர்வாகம் சரியில்லாதது இன்னொரு காரணம். அப்போது உறுப்பினர்கள் சின்னச் சின்னக் கூட்டமாக மைராடாவிடம் வந்து, "வாங்கின கடனை உங்களிடம் கட்டுகிறோம், சங்கத்தில் கட்ட மாட்டோம்" என்று சொன்னார்கள். பணம் கட்ட மனசு இருந்தது. கட்டுகிற இடத்தின் மேல்தான் நம்பிக்கை இல்லை.

மைராடா அதைச் சரியாகப் புரிந்து கொண்டது. எங்களிடம் கட்ட வேண்டாம், ஒருத்தரை ஒருத்தர் நம்புகிற நீங்களே சேர்ந்து உங்களுக்குள் கட்டுங்கள் என்று சொன்னார்கள். அப்படித்தான் சின்னக் குழுக்கள் பிறந்தன. அவற்றுக்கு முதலில் வைத்த பெயர் கடன் மேலாண்மைக் குழு. பெயரிலேயே மேலாண்மை! பிற்பாடுதான் சுய உதவி என்ற பெயர் வந்தது. கடனைச் சமாளிப்பதற்காகத் தொடங்கிய குழு, தன் வழியைத் தானே தேடும் குழுவாக மாறியது அந்தப் பெயர் மாற்றத்திலேயே தெரிகிறது.

1987-ல் நபார்டு வங்கி இந்த முயற்சிக்காக மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. 1992-ல் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை நபார்டு தொடங்கியது. வீடோ நிலமோ அடமானம் வைக்க இல்லாத பெண்களுக்கு, அவர்களுடைய சேமிப்பையும் கூட்டம் நடத்தும் ஒழுங்கையும் பார்த்து வங்கி கடன் கொடுக்கலாம் என்பது அந்தத் திட்டம். நம்ம நோட்டுதான் நம்ம சொத்துப் பத்திரம் என்று சொல்வோமே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அகமதாபாத்திலும் சென்னையிலும்

அதற்கும் முன்னாலேயே வழி காட்டியவர்கள் உண்டு. குஜராத்தில் இளா பட் 1972-ல் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தலைச்சுமை தூக்குபவர்கள், பழைய துணி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள். இவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாதபோது தொழிற்சங்கம் எப்படி அமைக்க முடியும் என்று அரசுத் தரப்பில் கேட்டார்கள். முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டும் சங்கம் இல்லை, உழைப்பவர்கள் ஒன்று சேர்வதற்கும் சங்கம்தான் என்று வாதாடித்தான் பதிவு செய்தார்கள். பிறகு உறுப்பினர்களில் ஒருவர், பழைய துணி வியாபாரம் செய்த பெண், நமக்கென்று ஒரு வங்கி ஏன் இருக்கக் கூடாது என்று கூட்டத்தில் கேட்டார். நாம் ஏழைகள் ஆயிற்றே என்றபோது, ஏழைகள்தான், ஆனால் நாம் எத்தனை பேர் இருக்கிறோம் பாருங்கள் என்று பதில் சொன்னார். 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு சேவா வங்கி தொடங்கியது.

கேட்டது ஒரு சாதாரண உறுப்பினர். அந்தக் கேள்வி தலைமை. அதன் பிறகு கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணுக்கு எப்படிக் கணக்குத் தொடங்குவது, அவளை எப்படி அடையாளம் காண்பது என்று உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார்கள். அது நிர்வாகம். கேள்வி மட்டும் இருந்திருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்து போயிருப்பார்கள்.

நம்ம தமிழ்நாட்டில் ஜெயா அருணாசலம் 1978-ல் சென்னையில் உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். கூடைக்காரிகள், தெருவில் கடை போடுபவர்கள் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து கடன் வாங்கினார்கள். குழுத் தலைவிகளை வெளியிலிருந்து கொண்டு வரவில்லை. அதே தெருவிலிருந்து, அதே தொழிலிலிருந்து எடுத்தார்கள்.

தருமபுரியிலிருந்து நம்ம ஊருக்கு

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் அமைக்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு வேறு சில மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசின் திட்டமாக எல்லா மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது.

2000-ல் எங்க குழு ஆரம்பிச்சப்போ திருப்பூர் தனி மாவட்டமே இல்லை. நாங்க கோயம்புத்தூர் மாவட்டம். தாராபுரம், காங்கேயம் பக்கத்து அக்காமார் ஈரோடு மாவட்டம். 2009-ல்தான் நாம எல்லாரும் ஒரே மாவட்டம் ஆனோம்.

முதல் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இன்னும் நினைவிருக்கு. குழுவில் 12 முதல் 20 பேர். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வங்கிப் பணம் ஒருத்தர் கையெழுத்தில் வெளியே வராது. பொறுப்புகள் சுழற்சி முறையில் மாற வேண்டும். அந்தப் பயிற்சி கொடுத்தவங்க "தலைவி"ங்கற சொல்லையே அதிகம் சொல்லலை, "ஊக்குநர்"னுதான் சொன்னாங்க. ஊக்கம் கொடுக்கிறவள். நான் அந்தச் சொல்லை அன்றைக்குக் கவனிக்கவில்லை. நோட்டை எப்படி எழுதுவது என்பதைத்தான் கவனித்தேன்.

சுழற்சி முறை எங்க குழுவில் காகிதத்தில்தான் இருந்தது. மூணு வருஷம் முடிஞ்சு, ஆறு வருஷம் முடிஞ்சும் "நீங்களே இருங்க அக்கா, எங்களுக்கு நோட்டு எழுத வராது"ன்னாங்க. நானும் சந்தோஷமாக ஒத்துக்கிட்டேன். உண்மையைச் சொன்னால், வேறு ஒருத்தி எழுதினால் கணக்கைக் கெடுத்துவிடுவாள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

சின்னப்பிள்ளை அம்மா

இங்கே மதுரைப் பக்கத்து ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. நிலம் கிடையாது. கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. தன்னோடு வேலைக்கு வரும் பெண்களைச் சேர்த்துக் கொண்டு, அவர்களுக்காகக் கூலி பேசுபவராக இருந்தார். 1990-ல் மதுரைப் பகுதியில் களஞ்சியம் இயக்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேமிக்கச் சொல்லிப் பேசினார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அந்த அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் பேப்பரில் வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீங்க. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

அந்தப் படத்தைப் பார்த்தப்போ எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஒரு சின்னக் குறுகுறுப்பும் இருந்தது. ஒரு வரி எழுதத் தெரியாதவங்க இவ்வளவு பேரை எப்படிச் சேர்த்தாங்க? களஞ்சியத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். ஆனால் சேமிப்பை நம்பி அடுத்தவளிடம் கொடுக்கும்படி ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் சொல்ல, அதே கூலி வாங்கிய ஒருத்தி வேண்டியிருந்தது.

2011

இப்போது எங்க குழுவின் கதை. 2011 ஜனவரிக் கடைசியில், நொய்யல் ஆறு கெட்டுப் போனது தொடர்பான வழக்கில், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றுத் தண்ணியை நம்பியிருந்த விவசாயிகளின் வழக்கில் நியாயம் இருந்தது. ஆனால் சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. எங்க குழுவில் 16 பேரில் 13 பேர் கம்பெனி வேலை. வாரம் ஆறு நாள் இருந்த வேலை மூணு நாள் ஆனது. அந்த நேரத்தில் எங்களுக்கு வங்கிக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதுதான் எங்க வழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் நான் பாக்கி வைத்தவர்கள் பேரைச் சத்தமாகப் படிப்பேன். அபராதம் எழுதுவேன். விதிப்படி அது சரி. நாலாவது வாரம் ஐந்து பேர் கூட்டத்துக்கே வரலை. "வராதவங்களுக்கும் அபராதம்"னு எழுதப் போனேன்.

குழுவில் பிசிரு வெட்டும் வேலை செய்கிற ஒரு அக்கா. எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. கையெழுத்து மட்டும்தான் போடுவாங்க. அவங்க என் நோட்டு மேல் கையை வைத்து, "எழுதறது இருக்கட்டும் கண்ணு, வராத அஞ்சு பேரு ஊட்டுக்கும் போய்ட்டு வரலாம், வா" என்றாங்க.

போனோம். ஒரு வீட்டில் அடுப்பு மத்தியானம் வரை பத்த வைக்கலை. இன்னொரு வீட்டில் ஒரு தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். அதுக்கு முந்தின மூணு வாரமும் அவள் தவணை சரியாகக் கட்டியிருந்தாள். அந்தப் பணம் கந்து வட்டிக்கு வாங்கியது. "உங்க வாயால எம்பேரு கூட்டத்துல வர்றதுக்கு, வட்டிக்கு வாங்கறது மேலுன்னு நெனச்சுட்டேன் அக்கா" என்றாள்.

கந்து வட்டியிலிருந்து மீட்பதற்குத்தான் குழு வைத்தோம். என் நோட்டில் அவள் பக்கம் சுத்தமாக இருந்தது. அவளைக் கந்து வட்டிக்காரனிடம் அனுப்பியது அந்தச் சுத்தம்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அடுத்த கூட்டத்தில் பாக்கிப் பட்டியலைப் படிக்கும் முன்னால், இந்த வாரம் யாருக்கு எத்தனை நாள் வேலை இருந்துச்சு என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த அக்கா சொன்னாங்க. சொல்லச் சொல்ல எல்லார் நிலைமையும் ஒண்ணுதான் என்று தெரிஞ்சது. மூணு தீர்மானம் போட்டோம். வேலை திரும்பும் வரை அபராதம் கிடையாது. சங்கக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும். முதலில் அந்தத் தங்கச்சியின் கந்து வட்டிக் கடனைச் சேமிப்புப் பணத்திலிருந்து அடைப்பது. பிறகு 16 பேரும் சேர்ந்து வங்கிக்குப் போனோம்.

வங்கி அதிகாரி எங்க நோட்டுகளைக் கேட்டார். பதினொரு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். ஒரு தவணை தவறியதில்லை. தவணைத் தொகையைக் குறைத்து, மாதங்களை நீட்டித்துக் கொடுத்தார். கடனை முடிக்கக் கூடுதலாகப் பதினாலு மாதம் ஆச்சு. முழுசாக முடித்தோம்.

என் நோட்டு இல்லாமல் அவர் எங்களை நம்பியிருக்க மாட்டார். அந்த அக்கா இல்லாமல் நாங்க அந்த வாசலை மிதித்தே இருக்க மாட்டோம். நான் எழுதிய தீர்மானத்தில் இந்த இரண்டாவது விஷயம் எங்கேயும் பதிவாகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு

"அப்போ நோட்டு முக்கியம் இல்லீங்களா?"ன்னு கேட்காதீங்க. எனக்குத் தெரிந்த இன்னொரு குழுவில் ஒரு தலைவி இருந்தாங்க. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டு வந்தது அவங்கதான். யார் வீட்டில் சண்டை என்றாலும் முதலில் போய் நிற்பாங்க. ஆனால் கணக்கெல்லாம் அவங்க மனசுக்குள்ளேதான். "எனக்குத் தெரியும், விடுங்க" என்பாங்க. திடீரென்று உடம்பு முடியாமல் படுத்தப்போ, யார் எவ்வளவு கட்டியது, யார் எவ்வளவு பாக்கி என்று ஒருத்தருக்கும் தெரியலை. ஒரு ரூபாய் கூட அவங்க எடுக்கலை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதைக் காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. குழு கலைந்தது. அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் இன்றைக்கு வரை பேசிக்கொள்வதில்லை. நல்ல மனசுள்ளவங்க பேரைக் காப்பாற்றவும் நோட்டு வேணும்.

இப்போது

அந்த வருஷமே நான் பொறுப்பிலிருந்து விலகினேன். பிசிரு வெட்டும் அக்காவை ஊக்குநராக இருக்கச் சொன்னோம். எழுத வராது என்று மறுத்துட்டாங்க. பத்தாவது படித்த ஒரு தங்கச்சி ஊக்குநர் ஆனாள். அந்த அக்கா பிரதிநிதி ஆனாங்க. நான் மூணு மாசம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தேன். கூட்டல் தப்பினால் என் கை துறுதுறுக்கும். பேனாவை வாங்கித் திருத்திவிடத் தோணும். பொறுத்துக் கொண்டேன். இப்போது எங்க குழுவில் நோட்டு எழுதத் தெரிந்தவங்க ஏழு பேர்.

சகோதரிகளே, கூட்டமைப்புப் பொறுப்புகளுக்குத் தேர்தல் வரும்போது "அவங்களே இருக்கட்டும்" என்று சொல்வது சுலபம். சொல்லும் முன்னால் கொஞ்சம் யோசியுங்க. நோட்டு எழுதத் தெரிந்தவங்க, மாசத்துக்கு ஒரு கூட்டத்திலாவது பேனாவை அடுத்தவளிடம் கொடுங்க. பேசத் தெரிந்தவங்க, மாசம் ஒரு தடவையாவது பேரேட்டைப் பிரித்துப் பாருங்க. இரண்டு வாரம் ஒருத்தி கூட்டத்துக்கு வரலை என்றால், அபராதம் எழுதும் முன்னால் அவள் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க.